குளத்தில் இயந்திரம் இறக்கும் முன்னர் யாரிடம் கேட்டிருக்க வேண்டும்

எங்கள் ஊர்க் குளத்தைத் தூர்வாரிக் கட்டுவதற்கு நான்கு மாதங்கள் போதும் என்று 2023 ஆம் ஆண்டு மாசி மாதத்தில் கணக்கிட்டேன். வேலை முடிந்தபோது 2024 செப்டெம்பர் பிறந்திருந்தது. பத்தொன்பது மாதங்கள் போயிருந்தன. என் சொந்தச் சேமிப்பில் 4 இலட்சத்து 17 ஆயிரம் ரூபா கரைந்திருந்தது. சிறு வயது முதல் ஒன்றாகத் திரிந்த நண்பர்கள் இருவர் இன்று வரை என்னோடு பேசுவதில்லை. மண்ணின் அளவிலோ இயந்திர வாடகையிலோ நான் விட்ட பிழை மிகச் சிறிது. குளத்தோடு தொடர்புடைய மனிதர்கள் யார் யார் என்று எண்ணியதில் விட்ட பிழையே என்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது. கடந்த மாதம் யாழ்ப்பாணத்தின் தென்மராட்சியிலிருந்து ஒருவர் அழைத்துத் தங்கள் ஊர்க் குளத்துக்கு மதிப்பீடு தயாரித்துத் தர முடியுமா என்று கேட்டார். மதிப்பீட்டைப் பற்றிப் பத்து நிமிடமும் மற்றவற்றைப் பற்றி இரண்டு மணித்தியாலமும் அவரோடு பேசினேன். அந்த இரண்டு மணித்தியாலப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு இதை முன்கூட்டிச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

நான் கொழும்பில் பன்னிரண்டு ஆண்டுகள் கட்டட நிறுவனமொன்றில் வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடும் கணிய அளவையாளராக வேலை செய்துவிட்டு, தாயாரின் உடல்நிலை காரணமாக 2021 இல் வலிகாமத்தில் உள்ள சொந்த ஊருக்குத் திரும்பியவன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது என்பதும், ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதந்து நின்றே எங்கள் கிணறுகளுக்கு ஊறுகிறது என்பதும் இங்குள்ளவர்களுக்குத் தெரிந்தவையே. நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் பற்றிய பழைய கணக்கு. அந்த ஓர் அடி குறையும்போது உவர் எவ்வளவு மேலேறும் என்பதை அதிலிருந்தே அறிந்துகொள்ளலாம். மழைநீரைத் தேக்கி மெல்ல மெல்ல நிலத்துக்குள் விடும் குளம் தூர்ந்து கிடக்க, பங்குனியிலேயே கிணற்று நீர் உவர்க்கத் தொடங்கியிருந்தது. கனடாவில் உள்ள ஊரவர்கள் 42 இலட்சம் ரூபா சேர்த்துத் தருவதாகச் சொன்னார்கள். குளம் 20 பரப்பு (16 பரப்பு ஓர் ஏக்கர்). சராசரி 4 அடி வெட்டினால் ஏறத்தாழ 2,180 கியூப் மண் (ஒரு கியூப் 100 கன அடி). ஒரே இரவில் வரைபடமும் மதிப்பீடும் தயாரித்துவிட்டேன். அந்த வேகத்தை அப்போது பெருமையாக நினைத்தேன்.

முதற்கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கோயில் மண்டபத்தில் நடந்தது. சனசமூக நிலையத்தின் பலகையில் அறிவித்தல் ஒட்டினோம், கோயில் ஒலிபெருக்கியிலும் சொன்னோம். 38 பேர் வந்து கையொப்பமிட்டார்கள். நான் வரைபடத்தை விரித்து அரை மணித்தியாலம் விளக்கினேன். ஏதேனும் கேள்வி உண்டா என்று கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த அமைதியை முழுச் சம்மதம் என்று கூட்டறிக்கையில் எழுதினேன். வந்த 38 பேரில் பெண்கள் நால்வர் மட்டுமே என்பதையும், குளத்தின் கிழக்குக் கரையில் உள்ள வீடுகளிலிருந்து ஒருவரும் வரவில்லை என்பதையும் அந்தக் கையொப்பத் தாளே எனக்குக் காட்டியிருக்கும். நான் அதை எண்ணிக்கைக்காக மட்டும் பார்த்தேன். கிழக்குக் கரையில் இருப்பவர்களில் பலருக்கு ஞாயிறும் கூலி வேலை நாள். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருந்தது. அவர்களுடைய தகப்பன்மார் அந்த மண்டபத்துக்குள் எவ்வளவு தூரம் வர விடப்பட்டார்கள் என்பது அவர்களுக்கு மறக்கவில்லை. எனக்கு மட்டும் நினைவுக்கு வரவில்லை. பொதுவான அறிவித்தல் என்று நாம் நினைக்கும் ஒன்று சிலருக்கு இது உங்களுக்கல்ல என்று சொல்லிவிடும். ஆகவே, உங்கள் ஊரில் இத்தகைய கூட்டம் வைப்பதானால், வந்தவர்களின் பட்டியலை எழுதிய அதே இரவில் வராத வீடுகளின் பட்டியலையும் எழுதுங்கள். இரண்டாவது பட்டியல் நீளமாக இருந்தால் கூட்டம் இன்னும் நடக்கவில்லை என்று கொள்ளுங்கள்.

அடுத்த ஐந்து மாதங்கள் குளம் யாருடையது என்பதைத் தேடுவதில் கழிந்தன. பிரதேச சபையின் குளம் என்று நினைத்து அங்கே விண்ணப்பித்தேன். குளத்துக்குக் கீழே சிறிது வயல் இருப்பதால் அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும் சிறு குளம் என்றார்கள். மேற்குப் பக்கத்துத் தீர்த்தக் கரை கோயிலின் காணி உறுதிப் பத்திரத்துக்குள் அடங்கும் என்று கோயில் பரிபாலன சபையினர் சொன்னார்கள். குளத்துக்கு நீர் கொண்டுவரும் தெருவோர வாய்க்கால் மட்டும் உண்மையில் பிரதேச சபையுடையது. அதே 2023 மார்ச்சில் நாடு முழுவதும் உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் முடிந்து, உறுப்பினர்கள் இல்லாமல் செயலாளர்களின் நிர்வாகத்தின் கீழ் அவை வந்துவிட்டன. நான் இரண்டு வாரம் அலைந்து ஆதரவு பெற்ற வட்டார உறுப்பினருக்கு அதோடு கையொப்பமிடும் அதிகாரமே இல்லாமல் போய்விட்டது. முதலில் செய்ய வேண்டியதை நான் கடைசியில் செய்தேன்: பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் வரைபடத்தைப் பார்த்து, காணிப் பதிவகத்தில் உறுதிகளைத் தேடுவித்து, கரை, நீர்ப்பரப்பு, வாய்க்கால் என ஒவ்வொரு துண்டுக்கும் யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதினேன். அந்தத் தாள் முதல் வாரத்திலேயே கையில் இருந்திருந்தால் ஐந்து மாத அலைச்சல் ஆறு வாரமாகச் சுருங்கியிருக்கும்.

ஓகஸ்ட் மாதம் மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் இறங்கியது. முதல் நாள் தேங்காய் உடைத்துப் படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்பினோம். நான்காம் நாள் மண் ஏற்றிச் சென்ற டிப்பரைப் பொலிஸார் பிரதான வீதியில் நிறுத்தினார்கள். மண், மணல், கல் முதலியவற்றை வெட்டி வாகனத்தில் ஏற்றிச் செல்வது 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற வேண்டிய செயல். குளம் வெட்ட அனுமதி இருந்தால் மண்ணைக் கொண்டுபோகவும் அனுமதி இருப்பதாக நான் எடுத்துக்கொண்டேன். பிழை முழுவதும் என்னுடையது. வாகனம் 11 நாள்கள் நின்றது. அந்த நாள்களின் வருமான இழப்பும் தண்டப்பணமும் சேர்ந்து 1 இலட்சத்து 32 ஆயிரம் ரூபா ஆயின. டிப்பர் உரிமையாளர் கடன் தவணையில் வாகனம் ஓட்டுபவர். அவருடைய மனைவி எங்கள் வாசலில் வந்து நின்றபோது திட்டப் பணத்தில் தருவதற்குத் திட்டக் குழுவின் தீர்மானம் வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வேலையில் கை வைக்கும் ஒவ்வொருவரும், இயந்திர ஓட்டுநர் உட்பட, நம் தவறால் எதை இழக்கக்கூடும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதை அன்று உணர்ந்தேன்.

டிப்பர் விடுபட்டு, இயந்திரத்தை மீண்டும் இறக்கிய அன்று காலை கிழக்குக் கரையில் இருபது பேர் வரையில் நின்றார்கள். சத்தம் போடவில்லை, கல் எறியவில்லை. இயந்திரத்தின் முன்னால் வந்து நின்றார்கள், அவ்வளவுதான். வெட்டும் மண்ணில் ஒரு பகுதியைக் கோயில் வெளிவீதியை உயர்த்தவும், மிகுதியை விலைக்குக் கொடுக்கவும் எங்கள் குழு தீர்மானித்திருந்தது. கிழக்குக் கரை தாழ்நிலம். ஒவ்வொரு கார்த்திகையிலும் அந்த வீடுகளுக்குள் வெள்ளம் புகும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய்ப் படுப்பார்கள். முற்றத்தை உயர்த்த ஒரு லோட் மண் வாங்க வழியில்லாதவர்களின் கண் முன்னால், அவர்கள் தினமும் பார்க்கும் குளத்தின் மண் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அன்று ஆத்திரம் வந்தது. நன்றி கெட்டவர்கள் என்று கூட மனதுக்குள் நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதாமல் விட்டால் இந்தப் பதிவு முழுமையாகாது. இயந்திரம் மூன்று நாள் வீணே நின்றதற்கு 1 இலட்சத்து 5 ஆயிரம் ரூபா கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். பேசி முடிக்க முன்னரே மழை பிடித்துக்கொண்டது. குளம் பாதி வெட்டிய நிலையில், செங்குத்தான ஓரங்களோடு அந்த மாரியைக் கண்டது.

நவம்பரில் ஒரு நாள் விடியற்காலை, வடக்கு ஓரத்தில் பசு ஒன்று வழுக்கி விழுந்து வெளியேற முடியாமல் இறந்து கிடந்தது. முன்பு சரிவாக இருந்த இடம் அது. கன்று ஈன்று இரண்டு மாதமே ஆன பால் மாடு. அதன் பாலை விற்றுத்தான் கணவனை இழந்த அந்த அம்மா இரண்டு பெண் பிள்ளைகளைப் படிப்பிக்கிறார் என்பதை அன்றுதான் அறிந்தேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் கன்றுக்குப் போத்தலில் பால் பருக்கிக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: “தம்பி, மாடு எந்தப் பக்கத்தாலை இறங்கிறது எண்டு எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தானே.” அந்த மாட்டுக்கு 1 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா கொடுத்தேன். அவர் முதலில் வாங்க மறுத்தார். கிராம அலுவலர் முன்னிலையில், பிள்ளைகளின் பெயரில் வங்கியில் இடச் சம்மதித்தார். என் வரைபடத்தில் நீளம், அகலம், ஆழம், கட்டின் சரிவு எல்லாம் இருந்தன. மாடு இறங்கும் பாதை மட்டும் இல்லை. மதிப்பீடு எழுதும் எவரும் அதற்கு முன்னர் ஒரு வாரம் அந்தக் குளக்கரையில் விடியற்காலையும் நண்பகலும் பொழுதுபடும் நேரமும் போய் நின்று யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்று கொப்பியில் குறிக்க வேண்டும். ஆடு மாடு கொண்டுவருபவர், துணி துவைப்பவர், தாமரைப் பூப் பறிப்பவர், மீன் பிடிக்கும் சிறுவர், தீர்த்தமெடுக்க வரும் ஐயர் என்று வருபவர் எல்லோருக்கும் அந்தக் குளத்தில் உரிமை உண்டு. அவர்களில் பாதிப் பேரின் பெயர் எந்தச் சங்கத்தின் பதிவேட்டிலும் இராது.

மாடு இறந்ததை நான் கனடாவுக்கு அறிவிக்கவில்லை. அடுத்த மாசிக்குள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு ஒன்றாகச் சொல்லலாம் என்று ஒதுக்கி வைத்தேன். ஊரிலிருந்து யாரோ அனுப்பிய படம் ஒன்று, பாதி வெட்டிய குளமும் இறந்த மாடும் தெரியும்படி, அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவுக்கு எனக்கு முன்னரே போய்ச் சேர்ந்தது. காசு எங்கே போனது என்ற கேள்வி இரண்டு நாளில் காசைத் தின்றுவிட்டான் என்ற பேச்சாக மாறியது. என் மச்சான் ஒருவர் ரொறொன்ரோவிலிருந்து இரவு பதினொரு மணிக்கு அழைத்து, “நீ எடுத்திருக்க மாட்டாய் எண்டு எனக்குத் தெரியும், ஆனால் சனம் கதைக்குது” என்றார். அந்த முதல் வாக்கியமே என்னை உடைத்துவிட்டது. பல இரவுகள் நித்திரை வரவில்லை. தாயாருக்குத் தெரியாமல் முற்றத்தில் நடந்துகொண்டிருப்பேன். ஒருவர் தருவதாகச் சொன்ன 6 இலட்சத்தை நிறுத்திவிட்டார். பேசாமல் விட்ட நண்பர்கள் இருவரும் அந்த வாட்ஸ்அப் குழுவில் இருந்தவர்களே. பணம் தருபவர் தொலைவில் இருக்கும்போது அவருக்குக் கிடைக்கும் ஒவ்வொரு செய்தியும் ஒன்று நம் வாயிலிருந்து போகும், இல்லையேல் பிறர் வாயிலிருந்து போகும். கெட்ட செய்தியை அன்றே, முழுமையாக, பற்றுச்சீட்டுகளோடு நாமே அனுப்பிவிட வேண்டும். 2024 தை முதல் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் திகதி வரவு செலவுக் கணக்கையும், நடந்தது, நடக்காதது, ஏன் நடக்கவில்லை என்ற மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். அதே பக்கத்தைச் சனசமூக நிலையப் பலகையிலும் ஒட்டினேன். இரண்டாம் மாதத்திலிருந்து பேச்சு ஓய்ந்தது.

அதே தையில் வேறொரு சிக்கல் வந்தது. அரச ஊழியர்களின் வருடாந்த இடமாற்றம் வழக்கமாக ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வரும். எங்கள் வேலையை ஆரம்பம் முதல் அறிந்து, வாய்மொழியாகப் பல விடயங்களுக்கு ஒப்புதல் தந்திருந்த உத்தியோகத்தர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் எங்கள் கடிதக் கோவையைத் திறந்தபோது அதில் என் முதல் விண்ணப்பமும் ஒரு பதில் கடிதமும் மட்டுமே இருந்தன. அவர் வேலையை நிறுத்தி வைத்ததில் தவறில்லை. அவருடைய இடத்தில் நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன். மீண்டும் அனுமதி பெற மூன்று மாதம் சென்றது. இப்போது எந்த அலுவலகத்தில் யார் எதைச் சொன்னாலும், அன்று மாலையே “இன்று தங்களைச் சந்தித்தபோது தாங்கள் தெரிவித்தபடி” என்று தொடங்கும் கடிதம் ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியைக் கோவையில் வைக்கிறேன். நல்ல மனிதர் என்பதற்காக எழுதாமல் விடுவது அவருக்கும் நன்மை செய்வதாகாது.

அனுமதிக்காகக் காத்திருந்த அந்த மூன்று மாதங்களில்தான் முதலில் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். வரைபடத்தை வீட்டில் வைத்துவிட்டு, கொப்பி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு குளத்தைச் சுற்றியுள்ள 63 வீடுகளுக்கும் போனேன். மாலை ஆறரைக்குப் பின்னர், வேலைக்குப் போனவர்கள் திரும்பிய பின்னர், ஒரு நாளைக்கு இரண்டு வீடு அல்லது மூன்று வீடு. கிழக்குக் கரையில் முதல் வீட்டில் அரை மணித்தியாலம் ஒருவரும் குளத்தைப் பற்றிப் பேசவில்லை. தேநீர் தந்தார்கள்; வாங்கிக் குடித்தேன். எங்கள் பக்கத்திலிருந்து வருபவர் அவர்கள் வீட்டில் எதையும் வாங்கிக் குடிப்பது எங்கள் ஊரில் இன்னும் கவனிக்கப்படுகிறது என்பது வேதனையான உண்மை. அதன் பிறகுதான் பேச்சுத் தொடங்கியது.

எண்பது வயதைக் கடந்த ஐயா ஒருவர் சொன்னதை மட்டும் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் அது என் தொழிலறிவைத் திருத்திய பேச்சு. இளமையில் மண்வெட்டியோடு அதே குளத்தில் வேலை செய்தவர் அவர். நான் 4 அடி வெட்டத் திட்டமிட்டதைக் கேட்டுவிட்டு, “அடிக் களியை வெட்டினீங்களெண்டால் தை முடிய முன்னம் தண்ணி கல்லுக்குள்ளை போயிடும்” என்றார். குளத்தின் அடியில் காலங்காலமாகப் படிந்த களிமண் படையே நீரைத் தாங்கி நிற்கிறது. அதைத் துளைத்தால் கீழே உள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியாக நீர் விரைந்து வடிந்துவிடும். எப்படியும் நிலத்துக்குள்தானே போகிறது என்று ஒருவர் கேட்கலாம். வடிகட்டப்படாமல் வெடிப்பு வழியே போகும் குளத்து நீர் அழுக்கையும் சேர்த்துக் கிணறுகளுக்குக் கொண்டுபோகும், கோடையில் மாடுகளுக்கு மேலே ஒரு சொட்டும் மிஞ்சாது. அந்த ஆண்டு எங்கள் குளம் தைப்பொங்கலுக்குள் வற்றியதை நான் மழைக் குறைவு என்று நினைத்திருந்தேன். அவரோடு போய்ப் பார்த்தபோது, வடமேற்கு மூலையில் நாங்கள் ஆழ வெட்டிய இடத்தில் வெள்ளைக் கல் தெரிந்தது. பின்னர் அந்த இடத்தில் களிமண் இட்டு மிதித்து இறுக்கினோம். மற்ற இடங்களில் வெட்டும் ஆழத்தை இரண்டரை அடியாகக் குறைத்தோம். செலவும் அதனால் குறைந்தது, நின்றுபோன 6 இலட்சத்தின் குறை அதில் ஈடாகிவிட்டது. கருத்துக் கேட்பதை ஒரு சம்பிரதாயமாக நினைத்திருந்த எனக்கு, வடிவமைப்பின் பாதி அந்தக் கிடுகு வேலிகளுக்கு அப்பால் இருந்தது என்பது புரிந்தது.

வாய்க்காலின் விடயம் சற்று வேறு. மேற்கே ஒரு காணிக்காரர் வாய்க்காலின் ஒரு பகுதியை மூடி மதில் கட்டியிருந்தார். அவர் இலண்டனில் இருந்தார். நான் சட்ட இலக்கம் எல்லாம் குறிப்பிட்டு முதலில் கடிதம் எழுதினேன். அவர் சட்டத்தரணி மூலம் பதில் அனுப்பினார். அந்தக் கதவு எட்டு மாதம் மூடிக் கிடந்தது. அவருடைய மூத்த அக்கா மானிப்பாயில் இருக்கிறார் என்பதும், அக்காவின் சொல்லை அவர் தட்டுவதில்லை என்பதும் வீடு வீடாகப் போனபோது தெரியவந்தன. அந்த அக்காவைப் போய்ச் சந்தித்து, மதிலை இடிக்கத் தேவையில்லை, அடியில் குழாய் மதகு வைத்தால் போதும் என்று விளக்கினேன். பத்து நாளில் சம்மதம் வந்தது. கடிதம் தேவைதான், அது முதற்பேச்சாக இருக்கக்கூடாது.

2024 மே மாதம், மண் ஏற்றும் அனுமதிப்பத்திரத்தோடு வேலை மீண்டும் தொடங்கியது. கூட்டங்களைக் கிழக்குக் கரை வேம்பின் கீழ் மாற்றினோம். எல்லோரும் பாயில் இருந்தோம், நாற்காலி போடவில்லை. தாழ்நிலத்தில் வெள்ளம் புகும் 27 வீடுகளின் பட்டியலை அவர்களே தயாரித்தார்கள், மண் அவர்களுக்கு முதலில் போனது, மிஞ்சியது கோயிலுக்குப் போனது. கோயில் தரப்பில் இதை ஏற்கச் செய்ய நான்கு சந்திப்புகள் தேவைப்பட்டன. அவர்களுக்கு வருத்தம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. கனடாவில் ஒருவருக்குப் பெயர்ப்பலகை வைப்பதாக நான் ஆரம்பத்தில் யாரிடமும் கேட்காமல் வாக்களித்திருந்தேன்; கூட்டம் அதை ஏற்கவில்லை, அவரிடம் நானே தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். மாடு இறங்குவதற்கு வடக்கிலும் கிழக்கிலும் சரிவு வைத்தோம். அந்த இடங்களை மாட்டை இழந்த அந்த அம்மாவே தடி ஊன்றிக் காட்டினார். செப்டெம்பர் முதல் வாரம், அலுவலகங்கள் எல்லாம் ஜனாதிபதித் தேர்தல் வேலையில் மூழ்கியிருந்த நேரத்தில், வேலை முடிந்தது.

நவம்பர் இறுதியில் புயலோடு வந்த பெருமழையில் குளம் நிறைந்து, மிகுதி நீர் வான் வழியே பாய்ந்தது. மண் இட்டு உயர்த்திய முற்றங்களில் பலவற்றில் வெள்ளம் ஏறவில்லை. ஒன்பது வீடுகளுக்குள் மட்டும் புகுந்தது. 2025 பங்குனியில் குளத்தில் இன்னும் முழங்கால் அளவு நீர் நின்றது. அந்த மாதக் கூட்டத்தில், வேம்பின் கீழ், அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டார்: மேற்குப் பக்கத்தில் ஆகாயத்தாமரை பரவத் தொடங்கியிருக்கிறது, அதை ஆண்டுதோறும் யார் அள்ளுவது, கூலி யார் கொடுப்பது? எங்கள் 42 இலட்சக் கணக்கில் பராமரிப்புக்கு ஒரு சதமும் இருக்கவில்லை. கேள்வியையும் திகதியையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். அடுத்த கூட்டத்துக்கு வயற்காரர்களையும் கோயில் தரப்பையும் நேரில் போய் அழைக்க வேண்டும்.